ஐந்து ஆண்டு முதுகுவலி, யாரும் கேட்காத ஒரு கேள்வி: நிகழ்வு ஆய்வு

நோயாளி 31 வயது ஆண். நாள் முழுக்க உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. மனைவியோடு வந்திருந்தார். கையில் தடித்த கோப்பு: இரண்டு எம்.ஆர்.ஐ. அறிக்கைகள், பழைய மருந்துச் சீட்டுகள், முதுகு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த காகிதம். அறுவைக்கு இன்னும் 12 நாள் இருந்தது.

"கத்தி வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வேற யாருகிட்டயாவது காட்டிடலாம்னு வந்தோம் டாக்டர்" என்றார் மனைவி. அவர் கணவர் அதிகம் பேசவில்லை. நாற்காலியில் உட்காரும்போது முதுகைச் சிறிதும் வளைக்காமல், பலகையை இறக்குவதுபோல் மெல்ல இறங்கினார்.

வலி தொடங்கியது 26 வயதில். விழவில்லை, பாரம் தூக்கவில்லை, எந்த நாளில் தொடங்கியது என்றே அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலில் புட்டத்தில், ஒரு வாரம் வலப்பக்கம், அடுத்த வாரம் இடப்பக்கம். சில மாதங்களில் அது இடுப்புக்கு ஏறி அங்கேயே தங்கிவிட்டது. ஆறு மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில், கீழ் முதுகில் எல்4–எல்5, எல்5–எஸ்1 ஆகிய இரண்டு இடங்களில் டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் திண்டு, பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. அன்றிலிருந்து அவருடைய நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது, அந்தப் பெயரை யாரும் திரும்பக் கேள்வி கேட்கவில்லை.

பெல்ட் போட்டார். ஓடுவதை நிறுத்தினார். குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, வலித்தால் படுத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள், அப்படியே செய்தார். பிறந்த மகளைத் தூக்குவதற்குக்கூடப் பயந்தார். மூன்று முறை பிசியோதெரபி, இழுவை சிகிச்சை, ஒத்தடம், முதுகில் இரண்டு ஸ்டீராய்டு ஊசிகள். ஐந்து ஆண்டில் வலி கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியாகச் சொல்லப்பட்ட வழிதான் அறுவை சிகிச்சை.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கோப்பை வாங்கியதும் நானும் முதலில் எம்.ஆர்.ஐ. அறிக்கையைத்தான் படித்தேன். படித்தபின் அவரைப் பார்க்கும்போது, என் கண்ணுக்கும் அவர் டிஸ்க் நோயாளியாகவே தெரிந்தார். காகிதத்தை முதலில் பார்ப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். பத்து நிமிடம் கழித்து, வழக்கமாகக் கேட்பதுபோல் ராத்திரி தூக்கம் எப்படி என்று கேட்டேன். பதில் மனைவியிடமிருந்து வந்தது.

"எங்க டாக்டர் தூக்கம்? மூணு மணிக்கு எழுந்து ஹால்ல நடந்துக்கிட்டு இருப்பாரு."

"நடந்தா என்ன ஆகும்?"

"கொஞ்சம் விட்டுடும்" என்றார் அவர். "ஒரு அரை மணி நேரம் நடந்தா மறுபடி படுக்கலாம்."

"லீவு நாள்ல வேலை எதுவும் இல்லாம படுத்தே இருந்தீங்கன்னா?"

அவர் யோசிக்கவே இல்லை. "அன்னைக்குத்தான் டாக்டர் ரொம்ப மோசம்."

அதன்பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. காலையில் எழுந்ததும் முதுகு இறுகிப்போய் இருக்கும், குனிந்து காலணி போட முடியாது, அந்த இறுக்கம் தளர ஒன்றரை மணி நேரம் ஆகும். மதியத்துக்குமேல் ஓரளவு நன்றாக இருப்பார். வலி மாத்திரை போட்டால் ஒரே நாளில் பாதி குறைந்துவிடும், ஆனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பயந்து இரண்டு நாளுக்குமேல் போடமாட்டார். கடைசியாக, வேறு உடல்நலக் குறைவு ஏதாவது உண்டா என்று கேட்டபோது "ஒண்ணும் இல்லை" என்றார். மனைவிதான் இடைமறித்து, இரண்டு முறை ஒரு கண் மட்டும் சிவந்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் போனதை நினைவுபடுத்தினார். கண் மருத்துவர் கண்ணின் உள் அழற்சி, அதாவது யுவைட்டிஸ் என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். கண்ணுக்கும் முதுகுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணைப் பார்த்தவர் முதுகைக் கேட்கவில்லை, முதுகைப் பார்த்தவர் கண்ணைக் கேட்கவில்லை.

உடற்பரிசோதனை

படுக்க வைத்துக் காலை நீட்டியபடி மேலே தூக்கியபோது இரு பக்கமும் 80 பாகை வரை வலியில்லாமல் வந்தது. டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்தினால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் 70 பாகைக்குள் முழங்காலுக்குக் கீழே வலி பாயும். கால் விரல்களின் பலம், தொடு உணர்ச்சி, முழங்கால் மற்றும் கணுக்கால் அனிச்சைகள் எல்லாமே இயல்பு. நரம்பு பாதிக்கப்பட்டதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை.

அடுத்து ஷோபர் சோதனை. 1937இல் ஒரு ஜெர்மன் மருத்துவர் விவரித்து, பின்னாளில் திருத்தப்பட்ட எளிய சோதனை இது. நிற்க வைத்து, கீழ் முதுகில் இரண்டு பக்கக் குழிகளை இணைக்கும் கோட்டிலிருந்து 10 செ.மீ. மேலேயும் 5 செ.மீ. கீழேயும் புள்ளி வைத்து, முன்னால் குனியச் சொல்ல வேண்டும். 15 செ.மீ. இடைவெளி குறைந்தது 20 செ.மீ. ஆக வேண்டும். இவருக்கு 17.5 செ.மீ. தான் வந்தது. பக்கவாட்டில் சாய்வதும் குறைவு. குதிகாலில், தசைநார் எலும்போடு ஒட்டும் இடத்தில் அழுத்தினால் வலித்தது. ஒரு டேப்பும் பேனாவும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடியும் சோதனை. ஐந்து ஆண்டுக் கோப்பில் இந்த அளவு ஒருமுறைகூடக் குறிக்கப்படவில்லை.

எதையெல்லாம் யோசித்தோம்

முதுகுவலிக்காக மருத்துவரிடம் வருபவர்களில் பெரும்பாலானோருக்கு, சுமார் 90 சதவீதம் பேருக்கு, குறிப்பிட்ட ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. தசை, தசைநார், டிஸ்க், சிறு மூட்டுகள் எல்லாம் சேர்ந்து தரும் சாதாரண வலி அது. வேலை செய்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும், பெரும்பாலும் சில வாரங்களில் ஆறும். இவருடைய வலி இதற்கு நேர் எதிராக நடந்தது.

நரம்பு வேர் அழுத்தப்படும் சயாட்டிகா என்றால், முதுகைவிடக் காலில்தான் வலி அதிகம் இருக்கும். இருமினால், தும்மினால் மின்சாரம்போல் பாயும். அதுவும் இல்லை. முதுகெலும்பில் காசநோய் அல்லது வேறு தொற்று, பரவிய புற்றுநோய், எலும்பு முறிவு ஆகியவற்றை எந்த முதுகுவலியிலும் மனதில் வைக்க வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு வந்த புற்றுநோய், நீண்டகால ஸ்டீராய்டு மருந்து, பெரிய அடி, இவற்றில் எதுவும் இவருக்கு இல்லை. இரவு வலி மட்டும் இருந்தது. ஆனால் தொற்றிலும் புற்றிலும் வரும் இரவு வலி எழுந்து நடந்தால் விட்டுப்போகாது.

அவசரமாகக் கேட்டே ஆக வேண்டிய இன்னொன்றும் உண்டு. சிறுநீர் கழிக்க முடியாமை அல்லது அடக்க முடியாமை, மலக் கட்டுப்பாடு போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது. முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை மொத்தமாக நசுங்கினால் இப்படி ஆகும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. அப்படிப்பட்டவருக்கு அறுவை சிகிச்சைதான் வழி, அதுவும் தாமதமில்லாமல். இவருக்கு அவை எதுவும் இல்லை.

மிஞ்சியது அழற்சி முதுகுவலி. மூன்று மாதத்துக்குமேல் நீடித்த வலியில் ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள் வாதநோய் நிபுணர்கள்: 40 வயதுக்குமுன் தொடங்கியதா, மெல்ல மெல்லத் தொடங்கியதா, நடமாடினால் குறைகிறதா, ஓய்வில் குறையாமல் இருக்கிறதா, இரவில் எழுப்பி எழுந்தபின் விடுகிறதா. நான்கு இருந்தாலே பலமான சந்தேகம். இவருக்கு ஐந்தும் இருந்தன.

பரிசோதனை முடிவுகள்

அழற்சியைக் காட்டும் இரண்டு ரத்த அளவுகளில் சி.ஆர்.பி. லிட்டருக்கு 18 மி.கி. (இயல்பு 5க்குக் கீழ்), இ.எஸ்.ஆர். 34. அழற்சி முதுகுவலியோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ.-பி27 மரபணுச் சோதனை பாசிட்டிவ். இடுப்பு எக்ஸ்ரேயில், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் இரண்டு சேக்ரோ-இலியாக் மூட்டுகளின் ஓரமும் சற்று மங்கலாக இருந்தது. அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. எக்ஸ்ரேயில் இந்த மூட்டுகளின் சேதம் தெளிவாகத் தெரிய பல ஆண்டுகள் ஆகும்.

அதனால் அந்த மூட்டுகளுக்கென்றே தனியாக எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கொழுப்பின் வெளிச்சத்தை அடக்கி நீரை மட்டும் துலக்கிக் காட்டும் ஸ்டிர் வகைப் படத்தில், இரண்டு பக்கமும் மூட்டை ஒட்டிய எலும்பு மஜ்ஜையில் நீர்க்கோர்வை பளிச்சென்று தெரிந்தது. அருகில் எலும்பு அரிப்பும் இருந்தது. நோய் இப்போதும் உயிரோடு எரிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

முன்பு எடுத்த இரண்டு எம்.ஆர்.ஐ. படங்களில் இது ஏன் தெரியவில்லை என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. கீழ் முதுகுக்கு எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ. முள்ளெலும்புகளையும் டிஸ்க்குகளையும் பார்ப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. சேக்ரோ-இலியாக் மூட்டுகள் அதில் சரியாக விழுவதில்லை. எந்தக் கேள்வியோடு படம் எடுக்கிறோமோ அதற்குத்தான் படம் பதில் சொல்லும்.

முடிவு: ஆக்சியல் ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸ். எக்ஸ்ரேயில் சேதம் உறுதியாகத் தெரியும் கட்டத்தில் இதே நோயை ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிறோம். உடலின் எதிர்ப்புச் சக்தி, தசைநார்கள் எலும்போடு ஒட்டும் இடங்களையும் முதுகின் மூட்டுகளையும் தாக்கி அழற்சியை உண்டாக்குகிறது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று எலும்பாகவே ஒட்டிக்கொண்டு முதுகு கூன்போட்டுவிடும். இந்த நோயாளிகளில் நான்கில் ஒருவருக்காவது வாழ்நாளில் ஒருமுறை யுவைட்டிஸ் வருகிறது. அந்தச் சிவந்த கண்தான் எங்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய துப்பு.

பிதுங்கிய டிஸ்க் என்ன ஆயிற்று?

அது அங்கேயேதான் இருக்கிறது. அவருக்கு வலி தருவது அது இல்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இது இவர் ஒருவரின் கதை இல்லை. டிஸ்க் கிழிந்து நரம்பை அழுத்தினால் காலில் வலி வரும் என்பதை 1934இல் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் தெளிவாக எழுதினார்கள். அது உண்மை, பலரைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு. ஆனால் எம்.ஆர்.ஐ. வந்தபிறகு, வலியே இல்லாதவர்களின் டிஸ்க்குகளும் கண்ணில் படத் தொடங்கின. 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகுவலி இல்லாத 3,110 பேரின் படங்களைத் திரட்டிப் பார்த்தது. 20 வயதில் 30 சதவீதம், 30 வயதில் 40 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. இவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலைமுடி நரைப்பதுபோல் டிஸ்க்கும் வயதாகிறது.

இவர் வயதில் பத்துப் பேரைத் தெருவிலிருந்து கூட்டிவந்து படம் எடுத்தால் நான்கு பேரின் அறிக்கையில் அதே வரி இருக்கும். ஆகவே அந்த வரி ஒரு காரணம் ஆகவேண்டுமென்றால், நோயாளி சொல்லும் வலியும் உடலில் தெரியும் அடையாளமும் அதே இடத்தைக் காட்ட வேண்டும். மூன்றும் பொருந்தினால் அது நோய். படம் மட்டும் சொன்னால் அது வெறும் படம்.

அவருக்குச் சொல்லப்பட்ட "ஓய்வெடுங்கள்" என்ற ஆலோசனை இன்னும் மோசமாக வேலை செய்தது. சாதாரண முதுகுவலிக்கே நீண்ட படுக்கை ஓய்வு கெடுதல்தான். தசை மெலியும், பயம் வளரும். அழற்சி முதுகுவலிக்கோ ஓய்வே எரிபொருள். ஐந்து ஆண்டு அவர் ஒழுங்காக, ஒரு நாள் தவறாமல், தன் நோயைக் கூட்டும் காரியத்தையே செய்துவந்திருக்கிறார்.

சிகிச்சை

அறுவை சிகிச்சையை ரத்து செய்தோம். அறுவை மருத்துவரிடம் நானே பேசினேன், புதிய படத்தைப் பார்த்ததும் அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

முதல் மருந்து நேப்ராக்சன் என்ற அழற்சி எதிர்ப்பு வலி மாத்திரை, 500 மி.கி. காலை, மாலை இரண்டு வேளை, வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை. வலித்தால் மட்டும் போடுவது இந்த நோய்க்கு உதவாது, முழு அளவில் தொடர்ந்து சில வாரங்கள் எடுத்தால்தான் அழற்சி அடங்குகிறதா என்று தெரியும். சிறுநீரகம் பற்றிய அவருடைய பயத்தை நான் தள்ளிவிடவில்லை. தொடங்கும் முன்பே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்த அழுத்தம் பார்த்தோம், இடைவெளி விட்டு மறுபடி பார்ப்போம் என்று நாளையும் எழுதிக் கொடுத்தேன். பயத்துக்குப் பதில் அளவீடு இருந்தால் மனிதர்கள் மருந்தைச் சரியாக எடுப்பார்கள்.

நான்கு வாரத்தில் காலை இறுக்கம் ஒன்றரை மணி நேரத்திலிருந்து 40 நிமிடத்துக்கு இறங்கியது. நோயின் தீவிரத்தை நோயாளியின் வாய்மொழியாலேயே 0 முதல் 10 வரை அளக்கும் பாஸ்டாய் மதிப்பெண் 6.4இலிருந்து 4.8 ஆனது. நான்குக்குக் கீழே வர வேண்டும். வேறொரு அழற்சி எதிர்ப்பு மருந்துக்கு மாற்றி இன்னும் நான்கு வாரம் பார்த்தோம். 4.6. சி.ஆர்.பி. இன்னும் 11. சரி, அடுத்த படி ஏற வேண்டியதுதான்.

அடுத்த படி உயிரியல் மருந்துகள். முடக்குவாதத்துக்குப் பயன்படும் மெத்தோட்ரெக்சேட், வாய்வழி ஸ்டீராய்டு ஆகியவை முதுகெலும்பின் அழற்சிக்குப் பெரிதாக உதவுவதில்லை. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளும், ஐ.எல்-17 என்ற புரதத்தைத் தடுப்பவையும், இப்போது செல்லுக்குள் அழற்சிச் செய்தி பரவுவதைத் தடுக்கும் ஜாக் தடுப்பு மாத்திரைகளும் உள்ளன. கண் அழற்சி இரண்டு முறை வந்தவர் என்பதால் அடாலிமுமாப் என்ற டி.என்.எஃப். தடுப்பியைத் தேர்ந்தெடுத்தோம். டி.என்.எஃப். தடுப்பிகளிலேயே எட்டானர்செப்ட் கண்ணை அந்த அளவு காப்பதில்லை.

ஆனால் உடனே தொடங்க முடியவில்லை. உடலுக்குள் உறங்கும் காசநோய்க் கிருமியை அடக்கிவைப்பதில் டி.என்.எஃப். முக்கியக் காவலாளி, அதைத் தடுத்தால் கிருமி விழித்துக்கொள்ளலாம். உலக மக்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் உடலில் இந்தக் கிருமி நுழைந்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இந்தக் கிருமிக்கான இவருடைய ரத்தச் சோதனையும் பாசிட்டிவ். நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, இருமலோ காய்ச்சலோ இல்லை. உறங்கும் கிருமிக்கான ஐசோநயசிட் மருந்தைத் தொடங்கி, ஒரு மாதம் கழித்தே முதல் ஊசி போட்டோம். அந்த ஒரு மாதக் காத்திருப்பு அவருக்குப் பெரும் சோதனையாக இருந்தது. "கண்டுபிடிச்சிட்டீங்க, மருந்தும் இருக்கு, ஏன் தர மாட்டேங்கறீங்க?" என்று கேட்டார். அவசரப்பட்டால் முதுகைச் சரிசெய்து நுரையீரலைக் கெடுத்துவிடுவோம் என்று சொன்னேன். ஹெப்படைட்டிஸ் பி, சி சோதனைகளும் அந்த இடைவெளியில் முடிந்தன.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மி.கி. தோலுக்கடியில் ஊசி. மூன்றாவது ஊசிக்குப்பின் ஒருநாள் காலை அலாரம் அடித்துத்தான் எழுந்ததாக மனைவி சொன்னார். 12 வாரத்தில் பாஸ்டாய் 1.9, சி.ஆர்.பி. 3. ஷோபர் அளவு 17.5இலிருந்து 18.8 ஆனது. 20ஐ எட்டவில்லை, எட்டுமா என்பது சந்தேகமே. ஐந்து ஆண்டில் இழந்ததில் ஒரு பகுதி திரும்பாது.

மருந்தைவிட அதிக நேரம் எடுத்தது உடற்பயிற்சிதான், அதற்குக் காரணம் பயம். பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் முன்னால் குனியச் சொன்னபோது அவருக்கு வேர்த்துவிட்டது. வலியால் அல்ல; குனிந்தால் டிஸ்க் வெளியே வந்துவிடும் என்று ஐந்து ஆண்டாக நம்பியதால். அவருடைய பழைய படத்தையே காட்டி, டிஸ்க் என்பது இரண்டு எலும்புகளோடும் இறுகப் பிணைந்த தடித்த நார்த் திண்டு, சோப்புக்கட்டி மாதிரி நழுவி ஓடும் பொருள் அல்ல என்று திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. "டிஸ்க் விலகல்" என்பதில் வரும் "விலகல்" என்ற சொல்லை நாம் எல்லோரும் கைவிட்டால் நல்லது என்பது என் எண்ணம். அந்த ஒரு சொல் எத்தனையோ பேரைக் கட்டிலில் கிடத்தியிருக்கிறது.

பெல்ட் போனது. தினமும் 15 நிமிடம் குப்புறப் படுத்தல், முதுகைப் பின்னால் வளைக்கும் பயிற்சி, நெஞ்சு விரியும்படி ஆழ்ந்த மூச்சு, வாரம் மூன்று நாள் நீச்சல், அப்புறம் மெல்ல மெல்ல ஓட்டம். அவர் நாளைக்கு ஐந்து சிகரெட் பிடிப்பவர். புகை இந்த நோயில் முதுகு எலும்பாகி இறுகுவதை வேகப்படுத்தும் என்று சொன்னதும் விட்டுவிட்டார், இடையில் ஒருமுறை திரும்பித் தொடங்கி மறுபடி விட்டார்.

மறுபக்கமும் உண்டு

இதைப் படித்துவிட்டு, காலையில் முதுகு பிடிக்கிறது என்பதற்காகவே எல்லோரும் பி27 சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. சாதாரண முதுகுவலியிலும் காலையில் இறுக்கம் வரும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். பி27க்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு 1973இலேயே கண்டறியப்பட்டது என்றாலும், அந்த மரபணு உள்ளவர்களில் நூற்றில் ஏறக்குறைய ஐந்து பேருக்குத்தான் நோய் வருகிறது. நோய் இருந்தும் பி27 இல்லாதவர்கள் உண்டு. சி.ஆர்.பி. இயல்பாகவே இருப்பவர்களும் நிறைய உண்டு. சேக்ரோ-இலியாக் எம்.ஆர்.ஐ. கூட ஏமாற்றும்: நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கும், பிரசவமான பெண்களுக்கும் நோயில்லாமலே லேசான நீர்க்கோர்வை தெரியலாம். ஒரு எம்.ஆர்.ஐ. படத்தை நம்பி ஏமாந்தவரை இன்னொரு எம்.ஆர்.ஐ. படத்தை மட்டும் நம்பி ஏமாற்றக் கூடாது. இவர் விஷயத்தில் படம் கடைசிச் சாட்சிதான். முதல் சாட்சி மூன்று மணிக்கு ஹாலில் நடந்த நடை.

ஓராண்டு முடிந்து வந்தபோது மகளைத் தோளில் உட்கார வைத்திருந்தார். கண் சிவக்கவில்லை. மகளுக்கு இப்போதே பி27 பார்த்துவிடலாமா என்று கேட்டார். மகளுக்கு அந்த மரபணு போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, போயிருந்தாலும் பெரும்பாலும் நோய் வராது, அறிகுறி இல்லாத குழந்தைக்குச் சோதனை கவலையை மட்டும்தான் தரும் என்று சொன்னேன்.

கூடவே அவருடைய தம்பியும் வந்திருந்தார். 27 வயது. அவருக்கும் முதுகுவலி, கையில் அவருக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. உறை. அண்ணனுக்கு இருப்பதால் தம்பிக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான். உறையைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, காலையில் எழுந்ததும் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"காலையில ஒண்ணும் இருக்காது டாக்டர். மூணு வாரம் முன்னாடி பீரோவ நகர்த்தினேன், அதுலேர்ந்து சாயங்காலம் ஆனா வலி. படுத்தா போயிடும்."

குனியச் சொல்லி அளந்தேன், 21 செ.மீ. காலைத் தூக்கிப் பார்த்தேன், நரம்பும் சரியாக இருந்தது. ரத்தப் பரிசோதனை எதுவும் எழுதவில்லை. வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டே இருங்கள், சில வாரத்தில் ஆறிவிடும், மூன்று மாதம் தாண்டினாலோ இரவில் எழுப்பினாலோ வாருங்கள் என்று அனுப்பினேன். கண்ணைப் பற்றியும் மறக்காமல் கேட்டுக்கொண்டேன்.